ஆரணி தோற்ற முதல் செட்

செவ்வாய்க்கிழமை காலை, விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது விமலா அக்கா பேர்னிலிருந்து அழைத்தார். அவர் ஞாயிறுகளில்தான் அழைப்பார். அதனால் எடுக்கும்போதே எனக்கு மனம் சரியில்லை.

"பிள்ளை போயிட்டாளாம்" என்றார். "உங்க லண்டன் ஆசுப்பத்திரியில இருந்து போன் எடுத்துச் சொன்னவை. எனக்கு இங்கிலீசு வடிவா விளங்கேல்லை. நீ ஒருக்காப் போய்ப் பார். பிழையாச் சொல்லியிருப்பினம்."

பிழையாகச் சொல்லவில்லை. மூளையில் இரத்தக் கசிவு. முந்தின நாள் மாலை பயிற்சி முடித்து வந்து வாசலில் விழுந்தவளைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்து அம்புலன்ஸை அழைத்திருக்கிறாள். ஆரணிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவள் கிடந்த ஆஸ்பத்திரிக்கும் ஹவுன்ஸ்லோவில் உள்ள என் வீட்டுக்கும் நடுவில் ஒரே பஸ் ஓடுகிறது. லண்டனில் அவளுக்கு நெருங்கிய சொந்தம் நான்தான். ஆனாலும் அவள் இறந்த செய்தி எனக்குச் சுவிஸைச் சுற்றித்தான் வந்தது. அவசரத்துக்கு அழைக்க என் இலக்கத்தை அவள் யாரிடமும் கொடுத்திருக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களில் பலருக்கும் தெரியும்.

இறுதிச் சடங்குக்குப் பிறகு எங்கள் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "சங்கத்தின்ர ஆண்டு மலருக்கு ஓர் அஞ்சலி எழுதித் தாங்கோ அக்கா. உங்களை விட அவளை அறிஞ்ச ஆக்கள் இல்லை. அந்தப் பழைய விசயத்தை மட்டும் விட்டுடுங்கோ" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு எழுதினால் நல்லவர்களாகத் தெரியப்போவது நாங்கள்தான். ஆகவே, மண்டபத்துக்கு வந்து அவள் படத்துக்குப் பூப் போட்ட உங்கள் எல்லோருக்குமாக, விடாமல் எழுதுகிறேன்.

ஆரணி என் பெரியம்மாவின் மகள் விமலா அக்காவின் ஒரே பிள்ளை. பேர்னில் பிறந்தவள். அவளுடைய அப்பா, என் அத்தான், ஓர் உள்ளரங்க டெனிஸ் மைதானத்தின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கிப் பிறகு சமையலுக்கு வந்தவர். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை அங்கே போவாள். யாரோ எறிந்துவிட்டுப் போன மட்டையோடு, தகப்பனின் வேலை முடியும்வரை சுவரில் அடித்துக்கொண்டிருப்பாள். அதைக் கண்ட ஒரு பயிற்சியாளர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பதினாறு வயதில் சுவிஸின் இளையோர் அணியில் இருந்தாள். பதினெட்டில், படிப்பா டெனிஸா என்று வீட்டில் சண்டை வந்தபோது, அத்தானே "விளையாடட்டும்" என்று சொன்னாராம்.

தொழில்முறை டெனிஸ் என்றதும் தொலைக்காட்சியில் காண்பதை நினைக்காதீர்கள். அவள் வருடம் முழுவதும் அலைந்தது துருக்கியிலும் எகிப்திலும் ஹோட்டல்களுக்குப் பின்னால் கிடந்த மைதானங்களில். பார்வையாளர் என்று ஒரு பூனை இருந்தாலே பெரிது என்பாள். தன் உடுப்பைத் தானே கை கழுவும் தொட்டியில் தோய்ப்பாள். திங்கட்கிழமை தோற்றால் செவ்வாய்க்கிழமை மலிந்த விமானத்தில் அடுத்த ஊர். அப்படி ஆடித்தான் உலகத் தரவரிசையில் ஒவ்வொரு படியாக ஏறினாள். தோல்வி உன்னைத் தின்னாதா என்று ஒருமுறை கேட்டேன். "உங்கட வேலையில ஆக்கள் வந்து கத்துறேல்லையே சின்னம்மா? அது மாதிரித்தான். அதுவும் வேலையில ஒரு பகுதி" என்றாள். பயணப்பொதி நிறை கூடினால் என் முகத்துக்கு நேரே கத்துகிறவர்களை நான் வீட்டுக்கு வந்து மறந்ததில்லை. அவள் மறந்துவிடுவாள் என்று நம்பினேன்.

ஒவ்வோர் ஆனி மாதமும் புல்தரைப் போட்டிகளுக்காக லண்டன் வருவாள். எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்குவாள். ஆட்டம் முடிந்து வந்தால் குளிக்கும் தொட்டி நிறைய ஐஸைக் கொட்டி அதில் உட்கார்ந்துகொண்டு, கதவுக்கு வெளியே நிற்கும் என்னோடு கதைப்பாள். விமான நிலையத்திலிருந்து அவளை ஏற்றி வருவது என் தம்பி குகன். அப்டன் பார்க்கில் கைபேசிக் கடை வைத்திருப்பவன். அவளுடைய பெரிய பையைத் தானே தூக்குவான். கடைக்கு வருகிறவர்களிடம் "எங்கட பிள்ளை" என்று கைபேசியில் படம் காட்டுவான். அந்தப் பெருமை பொய்யில்லை. அதையும் நான் இங்கே எழுதவேண்டும்.

அந்தப் பழைய விசயம் நடந்த வருடம், லண்டனின் பெரிய புல்தரைப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தகுதிச் சுற்றைக் கடந்தால்தான் பிரதான போட்டிக்குள் போகலாம். முதல் ஆட்டம் திங்கட்கிழமை, ரோஹாம்ப்டனில். ஞாயிறு மத்தியானம் குகன் சாப்பிட வந்தான். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். குசினி யன்னலால் பார்த்தபோது இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்வளவில் நின்று கதைத்தார்கள். அவள் தலையை ஆட்டி ஆட்டி எதையோ மறுத்தாள். பிறகு உள்ளே வந்து கை கழுவி, எங்களோடு இருந்து சாப்பிட்டாள். குகன் போனதும் மேசையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"சின்னம்மா, இருங்கோ. ஒண்டு சொல்லவேணும். குகன் மாமா நாளைக்கு முதல் செட்டை விடச் சொல்லிக் கேட்டவர். பிறகு மற்ற ரெண்டையும் வெல்லட்டாம். ஆருக்கும் நட்டமில்லையாம்."

எனக்கு விளங்கவில்லை. எதை விடுகிறது என்று கேட்டேன். பந்தயம் கட்டுகிறவர்கள் ஆட்டத்தின் முடிவுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு செட்டுக்கும் கட்டுவார்கள் என்றும், குகனுக்கு அப்படிச் சிலரோடு பழக்கமாகிவிட்டது என்றும் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். ஆனா அது காணாது. இப்பிடி ஆரும் கேட்டால் டெனிஸ் அமைப்புக்கு உடனே அறிவிக்கவேணும். அறிவிக்காட்டி அதுவும் குற்றம். எங்களுக்கு அதுதான் சட்டம்."

"இப்பவோ?"

"ஓம், இப்ப போன் எடுக்கப்போறன். உங்கட வீட்டுக்குள்ள இருந்துகொண்டு உங்களிட்டச் சொல்லாமல் எடுக்க மனம் வரேல்லை."

அவள் என் அனுமதியைக் கேட்கவில்லை. ஆனாலும் காத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் "எடு பிள்ளை" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கும் முன்னால் நான் பேசாமல் இருந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. மாடிப்படியில் உட்கார்ந்து தொலைபேசியில் நடந்ததைச் சொன்னாள். பெயர் கேட்டிருப்பார்கள். குகனின் பெயரையும், அதன் பின்னால் எங்கள் அப்பாவின் பெயரையும் ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள். குசினிக்குள் நின்று அப்பாவின் பெயர் அப்படிப் போவதைக் கேட்டேன்.

மறுநாள் எனக்கு லீவு. ரோஹாம்ப்டனுக்குப் போய்ப் புல்லில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் கை மரமாகியிருந்தது. சேர்விஸ் வலையில் விழுந்தது, இல்லாவிட்டால் கோட்டுக்கு வெளியே போனது. முதல் செட்டைத் தோற்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உடம்பு திரும்பி வந்தது. அடுத்த இரண்டு செட்டையும் வென்றாள். நான் எழும்பி நின்று கை தட்டினேன். குகன் கேட்டதும் இதுதானே என்று அந்த நேரம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவளுக்கு வந்திருக்கிறது. பஸ்ஸில் தன் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவள் ஐஸுக்குள் இருந்தபோது குகன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, பிள்ளை சொல்வழி கேட்டிட்டாள். நேற்று முகத்தை நீட்டினவள், இண்டைக்கு அச்சொட்டாச் செய்து தந்திட்டாள். மாமாவுக்குப் பெரிய சந்தோசமெண்டு சொல்லுங்கோ."

அவனுக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியேதான் நின்றேன்.

"ஆர் சின்னம்மா?"

சொன்னேன். உள்ளே தண்ணீரின் சத்தம் நின்றுவிட்டது.

"நான் விடேல்லை" என்றாள். "தோத்தனான். ரெண்டும் வேற."

சிறிது பொறுத்து, "பாக்கிற ஆக்களுக்கு ரெண்டும் ஒண்டுதான், என்ன?" என்றாள்.

அடுத்த சுற்றில் தோற்றுப் பேர்னுக்குப் போனாள். டெனிஸ் அமைப்பின் விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. அவளுடைய கைபேசியை வாங்கிவைத்துக்கொண்டு, யாரோடு கதைத்தாய், எதற்குக் கதைத்தாய் என்று கேட்டார்கள். ஆட்டத்துக்கு முன்பே அறிவித்திருந்ததால் தப்பினாள். என்னையும் கூப்பிட்டார்கள். பின்வளவையும் தொலைபேசி அழைப்பையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவளில் குற்றமில்லை என்று முடித்தார்கள். குகன் விளையாட்டு வீரன் அல்ல. அவனை மைதானங்களுக்குள் வரக்கூடாது என்றார்கள், அவ்வளவுதான். மறுநாளும் கடையைத் திறந்தான்.

கடைக்கு வந்தவர்களிடம் அவன்தான் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னான். "என்னை வெள்ளையளிட்டக் காட்டிக்குடுத்திட்டாள்." அது அப்டன் பார்க்கிலிருந்து எட்மண்டனுக்கும், அங்கிருந்து ஹவுன்ஸ்லோவுக்கும் போனது. வேறு ஆட்களுக்கு அது ஒரு சாதாரணச் சொல்லாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியல்ல. போர்க்காலத்தில் முகமூடிக்குள் இருந்து தலையாட்டி, ஆமிக்கு ஆட்களைக் காட்டியவர்களால் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எங்களுடையவை. அத்தானின் தம்பி அப்படித்தான் போனான். அந்தச் சொல்லை எடுத்து, ஒரு செட்டை விற்க மறுத்த பெண்ணின் தலையில் வைத்தோம். சங்கம் அவளுக்கு நடத்தவிருந்த பாராட்டு விழாவை "பிறகு பாப்பம்" என்று நிறுத்தியது. பிறகு யாரும் பார்க்கவில்லை.

அத்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, உன்ர வீட்டுச் சோத்தைத் திண்டுபோட்டு உன்ர தம்பியைக் காட்டிக்குடுத்திட்டாளே. உன்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"அத்தான், பிழை செய்தது தம்பி."

"அது தெரியும்" என்றார். வெட்கப்பட வேண்டியவன் கடையில் இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஒன்றை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். அதே ஆட்களிடம் அதே விடயத்தை நானும் சொன்னேன். என்னை ஒருவரும் அந்தச் சொல்லால் அழைக்கவில்லை. "அக்கா பாவம், கேட்டால் சொல்லத்தானே வேணும்" என்றீர்கள். கலியாணங்களுக்குக் கூப்பிட்டீர்கள், முன்வரிசையில் இருத்தினீர்கள். நான் போய் இருந்தேன்.

சில வருடங்கள் கழித்து, ஒரேயொரு தடவை, அவள் தகுதிச் சுற்று முழுவதையும் வென்று அந்தப் பெரிய போட்டிக்குள் போனாள். நுழைவுச் சீட்டுகள் அவளுக்குக் கிடைத்தன. எல்லாவற்றையும் என்னிடம் தந்து, "ஆர் வர விருப்பமோ கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். அப்பாவும் வருவாரா என்று அவள் கேட்கவில்லை. நான் பேர்னுக்கு எடுத்துக் கேட்டேன். முதுகு நோவாம். இங்கே ஒருவருக்கு ஷிப்டு, ஒருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வீட்டில் பெயின்ட் வேலை. என் கணவரும் நானும் மட்டும் போனோம். ஒதுக்குப்புறமான மைதானம். சுற்றியிருந்த கதிரைகள் எல்லாம் நிறைந்திருக்க, எங்கள் வரிசை வெறுமையாக இருந்தது. அவளுக்கு எதிராக ஆடியவள் உலகத்தின் முதல் வரிசையில் இருந்தவள். ஆரணி ஒரு செட்டை எடுத்தாள், மூன்றாவதில் கடைசிவரை ஓடினாள். தெரியாத சனங்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறும்போது எங்கள் வரிசையை நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே எங்களைக் கண்டதும் என் கணவரின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாருக்கும் ஷிப்டோ, சின்னம்மா?" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.

தோள் மூட்டில் இரண்டு சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு ஆடுவதை நிறுத்தினாள். பயிற்சியாளராக வேலை கிடைத்து லண்டனுக்கே வந்தாள். நாங்கள் அவளைச் சொந்தமாக வைத்துக்கொள்ள இன்னொரு வாய்ப்பு அது. ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், வருவதற்கு முன் "வேற ஆரும் வருகினமோ?" என்று கேட்பாள். குகன் வருகிற நாளென்றால் அவளுக்கு வேலை வந்துவிடும். அவனை வரவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவனோ தம்பி, அவளோ விட்டுக்கொடுக்கக்கூடிய பிள்ளை. அப்படியே மெல்ல மெல்ல அவள் வருவது குறைந்தது.

ஆனால் சனிக்கிழமைக் காலைகளில் ஹவுன்ஸ்லோவின் கவுன்சில் மைதானத்தில், விமான நிலையத்திலும் கடைகளிலும் வேலை செய்யும் பெண்களுக்கு டெனிஸ் பழக்கினாள். பஞ்சாபிப் பெண்கள், சோமாலியப் பெண்கள், எங்கள் ஆட்கள் மூன்று நான்கு பேர். அறுபதை நெருங்கிய நானும் போனேன். அங்கே அவளைப் பார்க்கப் பயமில்லாமல் இருந்தது. "சின்னம்மா, பந்துக்குப் பயப்பிடாதேங்கோ. அது உங்களோட கோவமில்லை" என்பாள்.

இறுதிச் சடங்கு நாளில் குகன் வந்தான். வாகனத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு, "அக்கா, நான் உள்ள வரட்டோ?" என்று கேட்டான். தாடி நரைத்து, தோள் ஒடுங்கிப்போய் இருந்தான். "அத்தானைக் கேள்" என்றேன். அத்தான் அவனைக் கண்டதும் கையை நீட்டி, "வா தம்பி" என்று கட்டிக்கொண்டு அழுதார். மகளை அவர் அப்படிக் கட்டிக்கொண்டு எத்தனையோ வருடங்கள்.

பிறகு மண்டபத்தில் தேநீர் கொடுத்தபோது செயலாளர் எழும்பி நாலு வார்த்தை பேசினார். எங்கள் மண்ணுக்குப் பெருமை சேர்த்தவள் என்றார். முடிக்கும்போது, "நடந்ததுகளை மறப்பம். அவளும் அப்ப சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்திட்டாள்" என்றார். பலர் தலையசைத்தார்கள். அவளை மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சபையில் பேசுகிறவள் அல்ல. ஆனாலும் எழும்பினேன்.

"அவள் தெரிஞ்சுதான் செய்தவள்" என்றேன். "என்னட்ட முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுச் செய்தவள். நானும்தான் போய்ச் சொன்னனான். மன்னிக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து மன்னியுங்கோ."

குகன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். அத்தான்தான் என்னருகே வந்தார்.

"அண்டைக்கு உன்னட்டச் சொல்லிப்போட்டோ எடுத்தவள்?"

"ஓம் அத்தான்."

"எனக்கு அவள் அதைச் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை அத்தான்."

அவர் கதிரையில் இருந்தார். விமலா அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் சொன்னது அவரைப் புண்படுத்தியது. இத்தனை வருடம் பிந்திச் சொன்னதற்கு அந்த வலியும் ஒரு விலை. அதையும் அவள் அல்ல, அவளுடைய தகப்பன்தான் கொடுக்கவேண்டியதாயிற்று.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது சிறியது. எங்கள் சனிக்கிழமை ஆட்டங்களுக்கு நடுவர் இல்லை. பந்து யாருடைய பக்கத்தில் விழுகிறதோ அவர்தான் உள்ளே, வெளியே என்று சொல்லவேண்டும். கண்ணுக்குச் சரியாகப் படாவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாளே ஒருத்தி கேட்டாள். "சந்தேகமெண்டால் புள்ளியை மற்ற ஆளுக்குக் குடுங்கோ" என்றாள் ஆரணி. அதற்குக் காரணம் சொல்லவில்லை. அடுத்த பந்தை எடுத்து எறிந்தாள்.

போன சனிக்கிழமை பழக்க ஆள் இல்லாமலே நாங்கள் மைதானத்தில் கூடினோம். யாரும் கூப்பிடாமல் எல்லோரும் வந்திருந்தார்கள். நானும் பயணப்பொதிப் பிரிவில் வேலை செய்யும் ஒரு சோமாலியப் பெண்ணும் ஆடினோம். ஆட்டம் சமமாக நின்றபோது அவள் அடித்த பந்து என் பின்கோட்டருகே விழுந்தது. கோட்டைத் தொட்டதா, தாண்டியதா, நான் பார்க்கவில்லை. வலைக்கு அப்பால் அவள் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு என் வாயையே பார்த்து நின்றாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் போலவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு "உள்ளே" என்றேன்.